படுத்தால் ஒளிந்துகொள்கிற சத்தம்

தொழிற்சாலை முதலுதவி அறையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு விஷயம் சொல்லப்பட்டிருக்கும். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள் என்று. சூப்பர்வைசர் சொல்லியிருப்பார். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி சொல்லியிருப்பார். வயிற்று வலி என்று வந்து படுத்தவனே, தனக்கு முன்னால் வந்து போனவனைப் பற்றிச் சொல்லியிருப்பான். நானும் அதை நம்பித்தான் வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் அதை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாதி எது, இந்தப் பாதி எது என்று பிரிக்கிற வேலை நம்முடையது இல்லை. இது எனக்கு ஒரு கிரேன் ஓட்டுநரை வைத்துத்தான் புரிந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியாது. செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே காலனியில் வளர்ந்தவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போவது நின்றது. ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாகச் சேர்ந்து, கட்டுப் போடவும் நாடி பிடித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டு, பாலாநகரில் இரும்பு வார்க்கிற ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு வந்தேன். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் வெட்ட மாட்டேன். இப்படிப்பட்டவளை நோயாளிகள் வருகிற வாசலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? வருகிறவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் எந்த வேலையிலிருந்து தப்பித்து வருகிறான் என்றுதான் பார்ப்பேன்.

எங்கள் அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் படுக்க வைத்து, காலுக்குத் தலையணை வைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் பெரிய கிளாஸில் கொடுப்போம். உலை எரிகிற இடம். வெக்கையில் சுருண்டு விழுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. எலுமிச்சைத் தண்ணீரில் சரியானவன் வெக்கை பட்டவன். வெக்கையே படாத இடத்தில் வேலை செய்கிறவன் எலுமிச்சைத் தண்ணீரில் சரியானால் அவன் நடிகன்.

தேவராஜ் உலை வெக்கை படாத இடத்துக்காரன். வார்த்து ஆறிய இரும்புப் பொருட்களைச் சுத்தம் செய்து லாரியில் ஏற்றுகிற ஷெட்டில் மேலே ஓடுகிற கிரேனை அவன்தான் ஓட்டினான். இரும்பு ஏணியில் ஏறி, கூரைக்குக் கீழே தொங்குகிற கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொள்வான். நல்ல உயரம், ஒல்லி, நீள நீளமான விரல்கள். போலாரத்தில் பிறந்து வளர்ந்தவன், சொந்த ஊர் ஆரணிப் பக்கம். தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அந்த வருஷம் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த நிரந்தரமும் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலைக்குத்தான், ஆளுக்கில்லை. கூண்டை விட்டு இறக்கினால் அவனுக்கு வேறு வேலை அங்கே கிடையாது. மனைவி முதல் பிரசவத்துக்கு ஆரணி போயிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சந்தேகப்பட்டேன்.

முதல் தடவை வந்தபோது இப்படிச் சொன்னான்:

"அக்கா, நெஞ்சுக்குள்ள யாரோ விரலால சுண்டுற மாதிரி இருக்கு. ஒரு அடி தப்பிப் போவுது, அடுத்த அடி தொம்முனு விழுது."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"சோறுதான் அக்கா."

"வேற?"

"ரசம்."

"வேறடா?"

"அக்கா, நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்."

படுக்க வைத்தேன். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன். நாடி முதலில் ஓடியது, பிறகு நிதானமாகிவிட்டது. எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை இடது பக்கம் சுருக் சுருக்கென்று குத்துகிறதாம். கிரேன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தானாம். கொஞ்ச நேரம் படுத்தால் எல்லாம் மாயம்.

இன்னொன்றும் சொன்னான். அதுதான் என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. ஓடினால், படியேறினால், மூட்டை தூக்கினால் ஒன்றும் வருவதில்லையாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறதாம். எந்த நெஞ்சு வலி உட்கார்ந்திருக்கிறவனைத் தேடிக்கொண்டு வரும்? எனக்குத் தெரிந்த நெஞ்சு வலி எல்லாம் மாடிப்படியில்தான் வந்தது.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈசிஜி எடுத்தோம். அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் நன்றாகிவிட்டான். ஈசிஜியும் நன்றாகவே வந்தது. வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு ஒரு லேடி டாக்டர் வருவார். தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார். அவரும் அவனைக் கட்டிலில் படுக்க வைத்து ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், சந்தேகப்படும்படி எதுவும் கேட்கவில்லை என்றார். அவர் கேட்டபோது அவன் வயிற்றில் என் எலுமிச்சைத் தண்ணீர் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஷெட்டின் பொறுப்பாளர் மூர்த்தி சார். அவரும் தமிழ்தான், செகந்திராபாத்திலேயே மூன்று தலைமுறை. வாயைத் திறந்தால் தமிழ், உருது, தெலுங்கு எல்லாம் சேர்ந்து விழும். ஒரு நாள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"என்னம்மா வசந்தாம்மா, கட்டிலை வாடகைக்கு விட்டிருக்கீங்களா? அவன் மேலே ஏறினா கொட்டாவி, கீழே எறங்கினா நெஞ்சு வலி."

கட்டிலில் இருந்த தேவராஜ், "கைக்கு சார், ஏன் இப்படிப் பேசறீங்க? உடம்புக்கு முடியலன்னுதானே வந்தேன்" என்றான்.

"முடியலன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன். இந்த டிராமா மட்டும் நக்கோ, வேண்டாம்."

வேற ஆள் என்றதும் எனக்கு அவர்மேலும் சந்தேகம் வந்தது. மூர்த்தி சாரின் அக்கா மகன் அதே ஷெட்டில் ஹெல்ப்பராக இருந்தான். ஓ, இதுதான் சங்கதியா என்று நினைத்துக்கொண்டேன். ஆக, ஒருத்தன் நடிக்கிறான், இன்னொருத்தர் அதை வைத்துத் தன் ஆளை ஏற்றப் பார்க்கிறார் என்று இரண்டு பக்கமும் முடிவு கட்டிவிட்டு, மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சந்தேகப்படுகிறவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது மாதிரி ஒரு நிம்மதி கிடைக்கும். அதுதான் ஆபத்து.

தேவராஜை நான் கவனிக்க ஆரம்பித்தேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏணி தெரியும். காலையில் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவான். சாப்பாட்டு வேளைக்கு இறங்குவான். பாட்டில் ஏறியபடியே இறங்கும், கழுத்து வரைக்கும் தண்ணீரோடு. ஐதராபாத் மே மாதம், தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடிக் கூண்டு. எவன் தண்ணீர் குடிக்காமல் இருப்பான்? வேறு ஏதோ குடிக்கிறான் என்றுதானே அர்த்தம்? அடுத்த தடவை படுக்க வைத்தபோது தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து வாயை மோந்து பார்த்தேன். டீ வாசனைதான் வந்தது. வாசனை வராத சரக்கும் இருக்கிறதாமே என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வருகிற நாளில், அவர் பையை வைத்ததும் வைக்காததுமாகப் போய்ச் சொன்னேன்.

"மேடம், தேவராஜ் மேலே என்னவோ குடிக்கிறான்னு எனக்கு சந்தேகம்."

"வாசனை வந்துச்சா?"

"இல்ல. ஆனா தண்ணி பாட்டில் நிறைஞ்சு ஏறுது, நிறைஞ்சே எறங்குது. சொட்டுக்கூடக் குறையறதில்ல. அப்ப வேற ஏதோ உள்ள போவுதுன்னுதானே அர்த்தம்?"

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அர்த்தத்தை விடு. பாட்டில் நிறைஞ்சே எறங்குதா? நீயே பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

"நானே பாத்தேன் மேடம். தினம் பாக்கறேன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"மேலதான்."

"எறங்கி நேரா இங்க வரச் சொல்லு."

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கீழே ஒரு நீளமான டிரெய்லர் லாரி நின்றுகொண்டிருந்தது, அன்றைக்கே சரக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். கிரேனை நிறுத்தியதுமே ஷெட்டில் சத்தம் கிளம்பியது. தேவராஜ் வேர்த்துக்கொண்டு வந்தான். நான் பழக்கதோஷத்தில் கட்டில் விரிப்பைத் தட்டிவிட்டு எலுமிச்சையை எடுத்து வெட்டினேன்.

"வசந்தா, அதைக் கீழே வை" என்றார் டாக்டர். "படுக்க வேண்டாம். தேவராஜ், ஏன் தண்ணி குடிக்கிறதில்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"குடிக்கிறேன் மேடம்."

"பாட்டில் அப்படிச் சொல்லலியே."

அவன் தலையைச் சொறிந்தான். இரண்டு பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நெளிந்தான். "மேலே ஏறினா மணி அடிக்கிற வரைக்கும் எறங்க முடியாது மேடம். எறங்கினா கீழே மொத்த ஷெட்டும் நிக்கும், சார் கத்துவாரு. தண்ணி குடிச்சா... அப்புறம் எங்க போறது? சில பேரு காலி பாட்டில் கொண்டு போவாங்க. எனக்கு அதெல்லாம் வராது."

"டீ?"

"ஏறுறதுக்கு முன்னாடி குடிப்பேன். ஸ்டிராங்கா, ரெண்டு. தூக்கம் வரக்கூடாதுல்ல."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, அவனை நிற்க வைத்து, ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அப்படியே குத்துக்கால் போட்டு உக்காரு" என்றார். உட்கார்ந்தான். கேட்டார். "எழுந்திரு, சட்டுனு." எழுந்தான். கேட்டார். மறுபடி உட்காரு, மறுபடி எழுந்திரு.

"என்ன மேடம், தோப்புக்கரணம் போட வைக்கிறீங்க?" என்றான் தேவராஜ். "பொய் சொன்னதுக்கா?"

"பேசாத. பேசினா உன் குரல்தான் கேக்குது."

பிறகு கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். திரும்ப நிற்க வைத்தார். இந்தத் தடவை தலையை ஆட்டிக்கொண்டே காதிலிருந்து குழாயை எடுத்தார்.

"இருக்கு" என்றார். "நின்னா வருது. படுத்தா ஒளிஞ்சிக்குது. நாமதான் வர்றவனையெல்லாம் படுக்க வெச்சு, தண்ணி குடுத்து, ஒளிச்சு வெச்சிட்டு அப்புறம் தேடியிருக்கோம்."

இதயம் என்ற வார்த்தையை அவர் இன்னும் சொல்லவே இல்லை. ஆனால் நான் அதற்குள் ஆரணிக்குச் சேதி அனுப்புகிற அளவுக்குப் போய்விட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இதயத்தின் இடது பக்கத்தில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு, மிட்ரல் வால்வு என்று பெயர். இரண்டு மெல்லிய இதழ்கள். இதயம் அழுத்துகிறபோது அவை ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அந்த இதழ் கொஞ்சம் தளர்ச்சியாக, தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும். மூடுகிறபோது மேல் அறைப் பக்கமாகப் புடைத்துக்கொண்டு போகும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சிலருக்குக் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும், அது உஸ் என்று கேட்கும்.

"போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு வர்ற லாரி பாத்திருக்கியா?" என்று தேவராஜிடம் கேட்டார். "காய்கறி முழுசா ஏத்தியிருந்தா தார்ப்பாய் இழுத்துக்கிட்டு கம்முனு இருக்கும். சரக்கு குறைச்சலா இருந்தா?"

"படபடன்னு அடிச்சிக்கும்."

"அதேதான். உடம்புல தண்ணி இருந்தா இதயம் நிறைஞ்சு இருக்கும், அந்த இதழ் இழுத்துப் பிடிச்ச மாதிரி நிக்கும். நீ காலி வயித்துல ரெண்டு டீயை ஊத்திக்கிட்டு, சொட்டுத் தண்ணி இல்லாம அனல்ல உக்காந்தா சரக்கு குறைஞ்ச லாரிதான். படபடப்பு, குத்தல், திடீர்னு எழுந்தா கண் இருட்டறது, காரணமில்லாம ஒரு பயம், சோர்வு. இந்த வால்வு இருக்கிறவங்க சில பேருக்கு இதெல்லாம் சேந்து வரும். பல பேருக்கு ஒண்ணுமே வராது, இருக்குன்னே தெரியாம காலம் தள்ளிடுவாங்க."

"அப்ப நான் பொய் சொல்லல" என்றான் அவன். கேள்வியா, பதிலா என்று தெரியாத குரல்.

அதற்குள் மூர்த்தி சார் வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "மேடம், டிரெய்லர் நிக்குது. மேனேஜர் போன் மேல போன். எனக்கு ஒரு வார்த்தை போதும். இவனுக்கு ஹார்ட் சீக்கா, இல்ல நடிப்பா?"

"ரெண்டும் இல்ல."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மேடம். எழுதிக் குடுத்துடுங்க, நான் போறேன்."

அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், எதை எழுதினாலும் தேவராஜுக்கு ஒன்றுதான். நடிப்பு என்றால் நிரந்தர வேலை கிடையாது. இதய நோய் என்றால் கூண்டு கிடையாது. அவன் டாக்டர் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "ஒண்ணுமில்லன்னே எழுதிடுங்க மேடம். நான் தண்ணி குடிச்சிக்கறேன். சத்தியமா."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன். அல்லது பயந்துபோய் வேலையே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். கதவு பக்கம் ஒருத்தர் கத்துகிறார், இந்தப் பக்கம் ஒருத்தன் கெஞ்சுகிறான், வெளியே டிரெய்லர் ஹாரன் அடிக்கிறது. டாக்டர் தண்ணீர் குடித்தார். தன் பாட்டிலிலிருந்து, நிதானமாக. அப்புறம் சொன்னார்:

"இன்னிக்கு மேலே ஏற வேண்டாம். எக்கோ எடுக்கணும், ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பை மெஷின் மாட்டிப் பாக்கணும். அது வரைக்கும் எந்தப் பேரும் வெக்க மாட்டேன். தெரியாததை எழுதச் சொன்னா என் கை எழுதாது."

"அப்ப என் டிரெய்லர்?"

"கண் இருட்டறவன் இரும்பை உங்க தலைக்கு மேல கொண்டு போகட்டுமா?"

மூர்த்தி சார் திரும்பி நடந்தார். வெளியே வந்தபோது நான் விடாமல் பின்னால் போய்க் கேட்டேன், "இப்ப உங்க அக்கா மகன் ஏறுவானா சார்?" என்று. எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவனா? அவன் ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தச் சொன்னா கண்ணை மூடிக்குவாம்மா. பொழுது விடிஞ்சா அந்த ஹூக்குக்குக் கீழதான் நான் நடக்கறேன். பயம் இருக்காதா எனக்கு?" பக்கத்து ஷெட் ஆளைக் கூப்பிட்டு மெதுவாக ஓட்டச் சொல்லி, அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் அவரே கீழே நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

எக்கோ எடுக்க செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்கு தேவராஜோடு நான்தான் போனேன். போகிற வழியெல்லாம் அவன் என்னைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டான். "கம்பெனி சொல்லித்தான் இந்த டாக்டரம்மா பண்றாங்க அக்கா. என்னை எறக்கறதுக்கு." "மெஷின்ல எது வேணா காட்டலாம்." "அப்புறம் ஆபரேஷன்னு சொல்லுவாங்க, பாருங்க." எனக்கும் அப்படியும் இருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் நம்மைவிடப் பயந்தால், வேறு வழியில்லாமல் நாம் தைரியசாலியாகிவிடுகிறோம். "பேசாம வா" என்றேன்.

திரையில் அந்த இதழ் தெரிந்தது. மூடுகிறபோது ஒரு பக்கம் மேலே வளைந்து உப்பியது. கசிவு ரொம்பக் கொஞ்சம் என்றார்கள். ஒரு நாள் முழுக்க மாட்டிய மெஷினில் அங்கங்கே முந்திக்கொண்டு வந்த துடிப்புகள் இருந்தன, பயப்படும்படி தொடர்ச்சியாக எதுவும் இல்லை. எங்கள் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். நினைவு தப்பி விழுந்திருக்கிறாயா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா? நடந்தால் மூச்சு வாங்குகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். ஆமாம் என்று ஒன்றுக்குச் சொல்லியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"லேசானது. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும். மருந்து இப்ப வேண்டாம்" என்றார் அவனிடம்.

"இப்ப லேசுன்னுவீங்க. அப்புறம் பெருசாயிடுச்சுன்னுவீங்க."

"சில பேருக்கு ஆகும். அதுக்குத்தான் வருஷா வருஷம் பாக்கச் சொல்றேன்."

"என்னை எறக்கறதுக்கு இது ஒரு சாக்கு இல்லியே மேடம்?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவன் காதில் மாட்டிவிட்டு, மறு முனையை அவன் நெஞ்சிலேயே வைத்தார். "எழுந்து நில்லு. என்னை நம்பாத. நீயே கேளு. லப், டப்புக்கு நடுவுல ஒண்ணு வரும்."

நின்றான். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டான். பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் காற்றில் லேசாகச் சுண்டினான். டிக். டிக். டிக். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுதான் அக்கா" என்றான் என்னைப் பார்த்து, டாக்டரைப் பார்த்து அல்ல. "நான் சொன்னேன்ல, சுண்டுற மாதிரின்னு. இதேதான்." தன்னிடம் நோய் இருக்கிறது என்பதைக் கேட்டு அவ்வளவு ஆறுதல் அடைந்த ஒரு மனிதனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நான் தயங்கித் தயங்கி, "மேடம், எனக்கும் கொஞ்ச நாளா படபடன்னு..." என்று ஆரம்பித்தேன். நிற்க வைத்தும் உட்கார வைத்தும் பொறுமையாகக் கேட்டார். "உன் வால்வு ஜோரா மூடுது வசந்தா. வாய்தான் மூட மாட்டேங்குது" என்றார். ராத்திரி வீட்டில் மறுபடி ஒரு தடவை நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

பிறகு, "நீ பாட்டிலைப் பாத்தது நல்லது. குடிகாரன்னு தீர்ப்பு எழுதினது உன் வேலை இல்ல. அடுத்த தடவை பாட்டிலை மட்டும் கொண்டு வந்து குடு" என்றார். பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் இருக்கிறவள்தான் ஜன்னலில் நின்று பார்ப்பாள். நான் நல்லவளாக மட்டும் இருந்திருந்தால் அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள், அதற்குமேல் உங்கள் சாயத்தைப் பூசாதீர்கள். வந்து வந்து போகிற தொல்லை பொய் மாதிரித்தான் தெரியும். வந்தபோது பார்க்க ஆள் இல்லாததால்தான் அது பொய்யாகிறது. இன்னொன்று. மயங்கி விழுகிறவனைப் படுக்க வைக்காதே என்று நான் சொன்னதாக எங்கேயும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். விழுகிறவனை உடனே படுக்க வைக்கத்தான் வேண்டும். படுக்க வைப்பதற்கு முன்னால் அவன் எப்படி நின்றான், என்ன சொன்னான், நாடி எப்படி ஓடியது என்பதை டாக்டருக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கிற மருந்தே சில சமயம் சாட்சியை அழித்துவிடும்.

தேவராஜைச் சில வாரங்கள் கீழேயிருந்தே பொத்தானை அழுத்தி ஓட்டுகிற சின்ன கிரேனில் போட்டார்கள். டீயைக் குறைத்தான், தண்ணீர் குடித்தான். ஒரு தடவைகூடக் கண் இருட்டவில்லை. கூண்டுக்குத் திரும்புகிற நாள் வந்தபோது டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். மேலேயும் தண்ணீர் குடிக்க வேண்டும். எப்போது இறங்க வேண்டும் என்றாலும் இறங்க விட வேண்டும்.

மூர்த்தி சார் குதித்தார். "அவன் ஒண்ணுக்குப் போறதுக்கு நான் ஷெட்டை நிறுத்தணுமா? முப்பது பேரு நிப்பாங்க மேடம்! மேனேஜர் கேட்டா என்ன சொல்றது?"

"அதையேதான் சொல்லுங்க. ஒண்ணுக்குப் போயிருக்கான்னு."

"மறுபடி மயக்கம் வராதுன்னு யார் கேரண்டி?"

"யாருக்குமே யாரும் கேரண்டி குடுக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். தண்ணி குடிச்சிட்டு எறங்க பயப்படறவனுக்கு நான் போட மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு நம்பிக்கை இல்லை. கையெழுத்து காகிதத்தில் இருக்கும், கத்தல் ஷெட்டில் இருக்கும், இவன் நாலு நாளில் பழையபடி பாட்டிலை மூடி வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் என் ஜன்னலில் நிற்கப் பொறுக்காமல் ஷெட் வாசலுக்கே போய்விட்டேன். கிரேன் ஓட ஆரம்பித்தது. பெரிய இரும்பு உருளை ஒன்றைத் தூக்கி, பாதி ஷெட்டைக் கடந்து, மெத்தை மேல் வைக்கிற மாதிரி லாரியில் வைத்தான். இன்னொன்று. இன்னொன்று. வெயில் ஏறியது. சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. சங்கிலி மாட்ட ஆட்கள் தயாராக நின்றார்கள். கிரேன் நகரவில்லை. கிரேனின் எச்சரிக்கை மணி மட்டும் ஒரு தடவை அடித்தது. விழுந்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கூண்டுக் கதவு திறந்தது. ஏணியில் ஒரு கால் தெரிந்தது, பிறகு இன்னொரு கால். தேவராஜ் இறங்கிக்கொண்டிருந்தான். கீழே யாரோ விசில் அடித்தார்கள். "ஏமய்யா, டாய்லெட்டா?" என்று ஒருவன் கத்தினான். மொத்த ஷெட்டும் சிரித்தது. அவன் காது வரைக்கும் சிவந்து போய், தலையைக் குனிந்துகொண்டு, மூர்த்தி சாரைத் தாண்டிப் போக வேண்டிய இடத்துக்கு வந்தான். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். நானும்தான்.

"சார், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு தேவராஜ் ஓட ஆரம்பித்தான்.

"டேய்!" என்று மூர்த்தி சார் போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஓடாத. நடந்து போ."